கார்பன் சேர்மங்களின் பிணைப்பை வரைவது எப்படி: எலக்ட்ரான் கணக்கிலிருந்து மூலக்கூறின் வடிவம் வரை

ஒரு வாய்ப்பாட்டைக் கொடுத்து, இதில் எந்த அணு எதோடு எத்தனை பிணைப்பால் சேர்ந்திருக்கிறது என்று வரையச் சொன்னால், பிளஸ் ஒன் பிள்ளைகள் பெரும்பாலும் உடனே கோடு போட ஆரம்பித்துவிடுவார்கள். கார்பனுக்கு நாலு கை, ஆக்சிஜனுக்கு ரெண்டு கை என்று மனப்பாடம் செய்தது மீத்தேனுக்கும் எத்தனாலுக்கும் ஒத்துவரும். கார்பன் மோனாக்சைடு, கார்பனேட், நைட்ரோமீத்தேன் என்று வந்ததும் கை எண்ணிக்கை பொருந்தாது, அப்புறம் எங்கேயாவது ஒரு கோட்டைக் கூட்டி அல்லது அழித்து ஒப்பேற்றுவார்கள்.

முதலில் எண்ண வேண்டும், கோடு அதற்குப் பிறகுதான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தால் பள்ளி, கல்லூரி முதலாண்டில் வரும் சேர்மங்களில் பெரும்பாலானவற்றை யார் உதவியும் இல்லாமல் வரைந்துவிடலாம். எங்கே தவறினீர்கள் என்பதையும் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தனிம வரிசை அட்டவணை ஒன்று, பென்சில், ரப்பர். பேனா வேண்டாம், நடுவில் கோடுகளை இடம் மாற்ற வேண்டிவரும்.

சில எண்கள் மனதில் இருந்தால் வேலை வேகமாகும். இணைதிறன் எலக்ட்ரான்கள் (வெளிக்கூட்டில் இருப்பவை): ஹைட்ரஜனுக்கு 1, கார்பனுக்கும் சிலிக்கனுக்கும் 4, நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் 5, ஆக்சிஜனுக்கும் கந்தகத்துக்கும் 6, ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் எல்லாவற்றுக்கும் 7. பாலிங் அளவில் எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பில் உள்ள எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்: ஹைட்ரஜன் 2.20, கார்பன் 2.55, நைட்ரஜன் 3.04, குளோரின் 3.16, ஆக்சிஜன் 3.44, ஃபுளூரின் 3.98. இந்த ஏறுவரிசை போதும், தசமம் மறந்தால் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்தால் நாலு பலூனும் ஒரு நூலும். 9ஆம் படியில் தேவைப்படும்.

2. அயனிகள் இருந்தால் முதலில் பிரித்து வையுங்கள்

வாய்ப்பாட்டில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் மாதிரி உலோகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அது அயனியாகத் தனியே நிற்கும், அதற்குக் கோடு கிடையாது. சமையல் சோடாவை எடுத்தால் ஒரு பக்கம் சோடியம் அயனி, மறுபக்கம் பைகார்பனேட் அயனி. சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் அயனியும் கார்பனேட் அயனியும். நாம் வரையப்போவது இரண்டாவது துண்டை மட்டும்தான்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, ஒரு சேர்மம் அயனிச் சேர்மம் அல்லது (அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும்) சகப்பிணைப்புச் சேர்மம், இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது. சுண்ணாம்புக்கல்லில் இரண்டும் உண்டு. கால்சியத்துக்கும் கார்பனேட்டுக்கும் நடுவே அயனிக் கவர்ச்சி, கார்பனேட்டுக்கு உள்ளே கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே சகப்பிணைப்பு.

உலோகம் இல்லையென்றால் அயனியே இல்லை என்றும் முடிவுகட்டாதீர்கள். நவச்சாரத்தில் உலோகம் எதுவும் இல்லை, ஆனால் அது அம்மோனியம் அயனியும் குளோரைடு அயனியும் சேர்ந்த உப்பு.

கார்பன் ஏன் சோடியம் மாதிரி எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஒரு மோல் கார்பன் அணுக்களிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்கவே 1086 கிலோஜூல் வேண்டும், நாலையும் பிடுங்க மொத்தம் சுமார் 14,280 கிலோஜூல். எந்த வேதிவினையும் அவ்வளவு திருப்பித் தராது. நாலை வாங்கிக்கொள்ளலாமே என்றால், 6 புரோட்டான் மட்டும் உள்ள கரு 10 எலக்ட்ரானைக் கட்டிக்காக்க வேண்டியிருக்கும். இரண்டும் கட்டுப்படியாகாததால் பகிர்ந்துகொள்கிறது.

3. கையிருப்பை எண்ணுங்கள்

எல்லா அணுக்களின் இணைதிறன் எலக்ட்ரான்களையும் கூட்டுங்கள். எதிர்மின் அயனி என்றால் மின்சுமை எவ்வளவோ அவ்வளவு கூட்டுங்கள், நேர்மின் அயனி என்றால் கழியுங்கள். இதைத்தான் கையிருப்பு என்கிறேன்.

கார்பன் டைஆக்சைடு: 4 + 6 + 6 = 16. கார்பனேட் அயனி: 4 + 18 + 2 = 24. அம்மோனியம் அயனி: 5 + 4 − 1 = 8.

இதில் மூன்று இடத்தில் சறுக்குவார்கள். கார்பனுக்கு அணு எண்ணான 6ஐப் போடுவது ஒன்று. உள்கூட்டில் உள்ள 2 எலக்ட்ரான் பிணைப்பில் சேராது, அதனால் 4 மட்டுமே கணக்கு. இரண்டாவது, 18 தொகுதி உள்ள அட்டவணையில் கார்பன் 14ஆம் தொகுதி என்று பார்த்துவிட்டு 14 என்று எழுதுவது; 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளுக்கு 10ஐக் கழித்தால் சரியான எண் வரும் (ஹீலியம் மட்டும் விலக்கு). மூன்றாவது, எதிர்மின் சுமை என்பதால் கழித்துவிடுவது. எலக்ட்ரான் கூடுதலாக வந்ததால்தான் அது எதிர்மின் அயனி ஆனது, எனவே கூட்டத்தான் வேண்டும்.

எண்ணை வட்டமிட்டுத் தாளின் மூலையில் வையுங்கள். கடைசியில் வரைந்ததில் உள்ள எலக்ட்ரான்களை எண்ணினால் இதே எண் வர வேண்டும். வராவிட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்பு.

4. சட்டகத்தைப் போடுங்கள்

எந்த அணு எதன் பக்கத்தில் என்பது மட்டும் இப்போது. ஹைட்ரஜன் எப்போதும் ஓரத்தில்தான், அதற்கு ஒரு பிணைப்புக்கு மேல் இடமில்லை. ஃபுளூரினும் அப்படித்தான். குளோரின், புரோமின், அயோடின் கார்பன் சேர்மங்களில் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும். நடுவில் வருவது கவர்தன்மை குறைந்த அணு, ஹைட்ரஜன் தவிர. கார்பன் இருந்தால் அநேகமாக அதுதான் நடுவில். பல கார்பன்கள் இருந்தால் அவை ஒன்றோடொன்று சங்கிலியாக.

வாய்ப்பாட்டில் எழுத்துகள் நிற்கும் வரிசையை அப்படியே நம்பிவிடாதீர்கள். பைகார்பனேட்டை ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் என்ற வரிசையில் எழுதுவது வழக்கம், அதைப் பார்த்து ஹைட்ரஜனைக் கார்பனில் ஒட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு ஆக்சிஜனில்தான் இருக்கிறது. அமிலங்களுக்கும் அவற்றிலிருந்து வரும் அயனிகளுக்கும் இதை நினைவில் வையுங்கள்: நீரில் பிரிந்துபோகும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் உள்ள அமிலங்களில் பொதுவாக ஆக்சிஜனில் உட்கார்ந்திருக்கும். பைகார்பனேட்டைத் தவறாகப் போட்டாலும் அடுத்த படியில் கணக்கு பிடித்துவிடும், பாருங்கள்.

கணக்கால் தீர்க்க முடியாத ஒன்றும் இங்கே உண்டு. 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் என்றால் இரண்டு சட்டகம் சாத்தியம். ஆக்சிஜன் ஓரத்தில் ஹைட்ரஜனோடு இருந்தால் எத்தனால், 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆக்சிஜன் இரண்டு கார்பனுக்கு நடுவே இருந்தால் டைமெத்தில் ஈதர், கொதிநிலை சுமார் −24 டிகிரி, அறையில் அது வாயு. எலக்ட்ரான் எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றே. அதனால் பெயரோ விரிந்த வாய்ப்பாடோ தரப்பட்டிருந்தால் அதைப் படித்த பிறகே சட்டகம் போடுங்கள்.

5. எத்தனை கோடு என்று கணக்கிடுங்கள்

வரிசையின் இதயம் இந்தப் படிதான், அவசரப்படாமல் படியுங்கள்.

ஒவ்வொரு அணுவும் தன்னைச் சுற்றி 8 எலக்ட்ரானைப் பார்க்க வேண்டும், ஹைட்ரஜன் 2ஐ. இதுதான் எண்ம விதி. எல்லா அணுவுக்கும் இதைக் கூட்டினால் வருவது தேவை. கையிருப்பு எப்போதும் தேவையைவிடக் குறைவாக இருக்கும். அந்தப் பற்றாக்குறையை எப்படிச் சமாளிப்பது? பகிர்ந்துகொள்ளும் எலக்ட்ரானை இரண்டு அணுவும் தன் கணக்கில் காட்டிக்கொள்கிறது, அதாவது பகிரப்படும் ஒவ்வொரு எலக்ட்ரானும் இரண்டு முறை எண்ணப்படுகிறது. ஆகவே எவ்வளவு பற்றாக்குறையோ அவ்வளவு எலக்ட்ரான் பகிரப்பட்டாக வேண்டும்.

தேவை − கையிருப்பு = பங்கு. ஒரு கோடு என்றால் பகிரப்படும் 2 எலக்ட்ரான், ஆகவே பங்கை 2ஆல் வகுத்தால் கோடுகளின் எண்ணிக்கை.

கார்பன் டைஆக்சைடுக்குத் தேவை 24, கையிருப்பு 16, பங்கு 8, கோடு 4. சட்டகத்தில் கார்பனுக்கு இரு பக்கமும் ஆக்சிஜன், ஒற்றைக் கோடு போட்டால் 2 தான் ஆகிறது. மீதி 2 கோட்டையும் பக்கத்துக்கு ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு இரட்டைப் பிணைப்பு.

ஹைட்ரஜன் சயனைடு: தேவை 2 + 8 + 8 = 18, கையிருப்பு 10, பங்கு 8, கோடு 4. ஹைட்ரஜனுக்கு ஒன்று போக மீதி மூன்றும் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே, அதாவது முப்பிணைப்பு.

யூரியா: 1 கார்பன், 1 ஆக்சிஜன், 2 நைட்ரஜன், 4 ஹைட்ரஜன். தேவை 40, கையிருப்பு 24, பங்கு 16, கோடு 8. சட்டகத்துக்கே 7 கோடு வேண்டும் (நைட்ரஜன்–ஹைட்ரஜன் நாலு, கார்பன்–நைட்ரஜன் இரண்டு, கார்பன்–ஆக்சிஜன் ஒன்று). மீதி ஒரே ஒரு கோடு. அதைக் கார்பன்–ஆக்சிஜனில் வையுங்கள், ஏன் அங்கே என்பதை 7ஆம் படி சொல்லும்.

இப்போது பைகார்பனேட். கையிருப்பு 1 + 4 + 18 + 1 = 24, தேவை 34, பங்கு 10, கோடு 5. ஹைட்ரஜனைக் கார்பனில் ஒட்டியிருந்தால் அந்த 5 கோடும் கார்பனைத் தொட்டாக வேண்டும், கார்பனைச் சுற்றி 10 எலக்ட்ரான் ஆகிவிடும். இரண்டாம் வரிசைத் தனிமமான கார்பன் 8க்கு மேல் தாங்காது. சட்டகம் தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும். ஹைட்ரஜனை ஆக்சிஜனுக்கு மாற்றினால் கார்பனைச் சுற்றி 4 கோடு, ஆக்சிஜன்–ஹைட்ரஜனுக்கு 1, கச்சிதமாக 5.

கூடுதல் கோடுகளைக் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், சில நேரம் கந்தகம் ஆகியவற்றுக்கு நடுவே மட்டும் வையுங்கள். சிலிக்கனில் வைக்க நேர்ந்தால் சந்தேகப்படுங்கள். கார்பன் டைஆக்சைடு தனித்தனி மூலக்கூறுகளாக இருக்கும் வாயு. சிலிக்கன் டைஆக்சைடு மணல். சிலிக்கன் அணு பெரியது, அதன் ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான் உலவும் பகுதிகள்) பக்கவாட்டில் ஆக்சிஜனோடு சரியாக மேற்பொருந்தாததால் இரட்டைப் பிணைப்பு லாபகரமாக இல்லை, எனவே ஒவ்வொரு சிலிக்கனும் நாலு ஆக்சிஜனை ஒற்றைக் கோட்டால் பிடித்துக்கொண்டு முடிவில்லாத வலையாகப் போகிறது. ஒரே தொகுதி, ஒரே மாதிரி வாய்ப்பாடு, ஆனால் ஒன்று சோடா பாட்டிலில் குமிழாக வருகிறது, இன்னொன்று ஆற்றங்கரையில் கிடக்கிறது. பிணைப்பைப் படிக்க எனக்கு இதைவிட நல்ல காரணம் தெரியாது.

6. மீதி எலக்ட்ரான்களைப் புள்ளியாக வையுங்கள்

கையிருப்பிலிருந்து பங்கைக் கழித்தால் வருவது தனித்த இரட்டைகளுக்கான, அதாவது பிணைப்பில் சேராமல் ஒரே அணுவில் நிற்கும் ஜோடிகளுக்கான எலக்ட்ரான். யூரியாவில் 24 − 16 = 8, அதாவது 4 இரட்டை: ஆக்சிஜனில் இரண்டு, நைட்ரஜனுக்கு ஒவ்வொன்று. ஓரத்து அணுக்களை முதலில் நிரப்புங்கள், நடு அணு கடைசி. ஹைட்ரஜனில் புள்ளி வைக்கவே கூடாது.

பிணைப்பில் இல்லாத எலக்ட்ரான்தானே என்று இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்கள் பிற்பாடு தண்ணீரை நேர்கோடாகவும் அம்மோனியாவைத் தட்டையாகவும் வரைகிறார்கள். வடிவத்தைத் தீர்மானிப்பதில் இந்தப் புள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

7. முறைசார் மின்சுமையைச் சரிபாருங்கள்

பிணைப்பு எலக்ட்ரான்களைச் சரிபாதியாகப் பிரித்தால் ஒரு அணுவுக்குக் கணக்கில் வரும் மின்சுமைதான் இது. ஒவ்வொரு அணுவுக்கும்: அதன் இணைதிறன் எலக்ட்ரான், கழித்தல் அதன்மேல் உள்ள புள்ளிகள், கழித்தல் அதைத் தொடும் கோடுகள். எல்லாவற்றையும் கூட்டினால் மூலக்கூறுக்கு 0, அயனிக்கு அதன் மின்சுமை வர வேண்டும்.

ஒரே சட்டகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படம் வரும்போது எது நல்லது என்று முடிவுசெய்யத்தான் இந்தப் படி. கார்பன் டைஆக்சைடில் நாலு கோட்டை ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று என்றும் வைக்கலாம், எண்ம விதி உடையாது. ஆனால் முப்பிணைப்பு உள்ள ஆக்சிஜனுக்கு +1, மற்றதற்கு −1 வருகிறது. இரட்டை–இரட்டைப் படத்தில் எல்லாமே 0, எனவே அதுவே முதன்மையானது. யூரியாவில் மீதிக் கோட்டைக் கார்பன்–நைட்ரஜனில் வைத்தால் நைட்ரஜனுக்கு +1, ஆக்சிஜனுக்கு −1. ஆக்சிஜனில் வைத்தால் எல்லாம் 0.

மின்சுமையைத் தவிர்க்கவே முடியாவிட்டால் எதிர்மின் சுமை கவர்தன்மை கூடிய அணுவில் இருக்கும் படத்தை விரும்புங்கள். நைட்ரோமீத்தேனில் நைட்ரஜனுக்கு +1, ஒரு ஆக்சிஜனுக்கு −1 வந்தே தீரும். அதைத் தவிர்க்க நைட்ரஜனுக்கு இரண்டு இரட்டைப் பிணைப்பு போட்டு ஐந்து கோடாக்கிவிடுவது பரவலான பிழை, பழைய நோட்டுகளில்கூட இருக்கும். நைட்ரஜனும் 8க்கு மேல் தாங்காது.

கார்பன் மோனாக்சைடு இந்தப் படியில் எல்லோரையும் மிரட்டும். தேவை 16, கையிருப்பு 10, பங்கு 6, கோடு 3. முப்பிணைப்பு, இருபுறமும் ஒவ்வொரு தனித்த இரட்டை. முறைசார் மின்சுமை கார்பனுக்கு −1, ஆக்சிஜனுக்கு +1. தப்பாகத் தெரியும், ஆனால் சரி. அந்த மூலக்கூறின் சிறிய இருமுனைத் திருப்புத்திறனான (மின்சுமை இரு முனைகளாகப் பிரிந்திருக்கும் அளவு) 0.11 டிபையில் எதிர்முனை கார்பன் பக்கம்தான் இருக்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் இரும்பை அது பிடிப்பதும் கார்பன் பக்கத்துத் தனித்த இரட்டையால்தான். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியான பிடி, அதனால்தான் மூடிய அறையில் கரி அடுப்பு உயிரைக் குடிக்கிறது.

முறைசார் மின்சுமையையும் ஆக்சிஜனேற்ற எண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவதில் பிணைப்பு எலக்ட்ரான்களைச் சரிபாதியாகப் பிரிக்கிறோம், இரண்டாவதில் கவர்தன்மை கூடிய அணுவுக்கே முழுதாகக் கொடுத்துவிடுகிறோம். கார்பன் மோனாக்சைடின் கார்பனுக்கு ஒன்று −1, இன்னொன்று +2.

8. உடனிசைவு உண்டா என்று பாருங்கள், பிறகு கோட்டின் நீளத்தையும் வலிமையையும் படியுங்கள்

கார்பனேட்டில் கோடு 4, ஆக்சிஜன் 3. ஒன்றுக்கு இரட்டைப் பிணைப்பு, மற்ற இரண்டுக்கு ஒற்றை. இரட்டையை எந்த ஆக்சிஜனுக்குக் கொடுப்பது? மூன்றும் சமம், மூன்று படம் வரையலாம். இப்படி அணுக்கள் இடம் மாறாமல் எலக்ட்ரான் மட்டும் இடம் மாறும் படங்கள் வந்தால் அதுதான் உடனிசைவு.

அயனி இந்த மூன்றுக்கும் நடுவே மாறி மாறித் தாவுகிறது என்று எண்ண வேண்டாம். இருப்பது ஒரே அமைப்பு, நம் கோடுகளால் அதை ஒரே படத்தில் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். கார்பனேட்டில் மூன்று கார்பன்–ஆக்சிஜன் நீளமும் ஒன்றே, சுமார் 129 பிக்கோமீட்டர். பிணைப்புத் தரம், அதாவது ஒரு பிணைப்புக்குச் சராசரியாக எத்தனை கோடு என்பது, 4ஐ 3ஆல் வகுத்து 1.33. பென்சீனில் ஆறு கார்பன்–கார்பன் பிணைப்பும் சுமார் 139 பிக்கோமீட்டர். ஒற்றைப் பிணைப்பு 154, இரட்டை 134, இரண்டுக்கும் இடையில். படங்களுக்கு நடுவே இருமுனை அம்பு ஒன்றைப் போடுங்கள். சமநிலைக்குப் போடும் இரண்டு எதிரெதிர் அம்பு போட்டால் மதிப்பெண் போகும், அர்த்தமும் மாறிவிடும்.

வலிமைக்கு வருவோம். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்கச் சுமார் 347 கிலோஜூல்/மோல், இரட்டைக்கு 614, முப்பிணைப்புக்கு 839. இரட்டை என்றால் இரு மடங்கு என்று நினைத்திருந்தால் 694 வந்திருக்க வேண்டும், வரவில்லை. முதல் கோடு சிக்மா, இரண்டு கருவுக்கும் நேர் நடுவில் எலக்ட்ரான் குவியும். இரண்டாவது பை, ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில் மேற்பொருந்துவது, பிடி தளர்வானது. எத்திலீன் புரோமினோடு சட்டென்று சேர்வதும் ஈத்தேன் இருட்டில் சும்மா இருப்பதும் இதனால்தான். பை பிணைப்பு இருந்தால் அந்த அச்சில் சுழலவும் முடியாது, ஆகவே இரட்டைப் பிணைப்பின் இரு பக்கமும் எது எந்தப் புறம் இருக்கிறது என்பதைக் கவனித்து வரையுங்கள்.

முனைவுத்தன்மை (எலக்ட்ரான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது) கூடினால் பிணைப்பு சீக்கிரம் உடையும் என்ற எண்ணமும் நிறையப் பேருக்கு இருக்கிறது. கார்பன்–ஃபுளூரின் மிகுந்த முனைவுள்ளது, ஆனால் சுமார் 485 கிலோஜூல்/மோல் கேட்கும். முனைவே இல்லாத மாதிரி இருக்கும் கார்பன்–அயோடின் இதில் பாதிக்கும் குறைவாகவே கேட்டு உடைந்துவிடும். அயோடின் பெரிய அணு, மேற்பொருந்தல் பலவீனம். உடைவதைப் பற்றிக் கேட்டால் வலிமையைப் பாருங்கள், கவர்தன்மை வித்தியாசத்தை அல்ல.

9. வடிவம் இப்போதுதான்

ஒரு அணுவைச் சுற்றி எத்தனை திசையில் எலக்ட்ரான் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றை, இரட்டை, முப்பிணைப்பு எதுவானாலும் ஒரு திசைதான், தனித்த இரட்டையும் ஒரு திசை. 4 திசை என்றால் நான்முகி, 109.5 டிகிரி. 3 என்றால் தட்டை, 120. 2 என்றால் நேர்கோடு, 180. நாலு பலூனை ஊதி முடிச்சை ஒன்றாகக் கட்டிப் பாருங்கள், அவை தாமாகவே நான்முகியாக நிற்கும், தட்டையாக அழுத்தினாலும் திரும்பிவிடும்.

தனித்த இரட்டை கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும். மீத்தேனில் 109.5, ஒரு தனித்த இரட்டை உள்ள அம்மோனியாவில் சுமார் 107, இரண்டு உள்ள தண்ணீரில் 104.5.

தாள் தட்டையாக இருப்பதால் வரும் ஒரு ஏமாற்றத்தை மட்டும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைகுளோரோமீத்தேனைத் தாளில் வரைந்தால், குளோரின்கள் எதிரெதிரே ஒரு படம், பக்கத்தில் பக்கத்தில் இன்னொரு படம், ஆகவே இரண்டு மாற்றியம் (ஒரே வாய்ப்பாடு, வேறு அமைப்பு) என்று அடித்துச் சொல்வார்கள். பலூனை எடுத்து இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை வைத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நான்முகியில் எந்த இரண்டு மூலையும் பக்கத்து மூலைதான், எதிர் மூலை என்று ஒன்றே இல்லை. டைகுளோரோமீத்தேன் ஒன்றே ஒன்றுதான்.

இனக்கலப்பை (அணுவின் எஸ், பி ஆர்பிட்டால்கள் கலந்து பிணைப்புக்குத் தயாராவது) கேட்டால் 4 திசைக்கு எஸ்பி3, 3க்கு எஸ்பி2, 2க்கு எஸ்பி என்று எழுதிவிடலாம். திசைகளை எண்ணாமல் இனக்கலப்பை முதலில் ஊகிக்கப் போனால் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

மூலக்கூறு முழுவதும் முனைவுள்ளதா என்ற கேள்விக்கும் வடிவம் தெரிந்த பிறகே பதில். கார்பன் டெட்ராகுளோரைடில் நாலு பிணைப்பும் முனைவுள்ளவை, ஆனால் நான்முகியில் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. ஒரு குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜன் வைத்தால் குளோரோஃபார்ம், அதில் ரத்தாகாது.

10. கணக்கு மக்கர் செய்தால்

தேவை − கையிருப்பு என்ற கணக்கு எண்ம விதியை நம்பி நிற்கிறது. விதி உடையும் இடத்தில் விடையும் விபரீதமாக வரும், அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கையிருப்பு ஒற்றைப்படை எண்ணா? மெத்தில் தனி உறுப்பில் 7, நைட்ரிக் ஆக்சைடில் 11. ஒரு எலக்ட்ரான் துணையில்லாமல்தான் நிற்கும். கோடுகள் சட்டகத்துக்கே போதவில்லையா? பாஸ்பரஸ் பென்டாகுளோரைடுக்குக் கணக்கு 4 கோடு என்கிறது, குளோரினோ ஐந்து. நடு அணு மூன்றாம் வரிசையிலோ அதற்குக் கீழோ இருந்தால் 8ஐத் தாண்டலாம், தேவையான கோடுகளைப் போட்டுவிட்டு மீதியை நிரப்புங்கள். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜனுக்கு இந்தச் சலுகை இல்லை. போரான் ட்ரைஃபுளூரைடில் கணக்கு ஒரு இரட்டைப் பிணைப்பைக் கேட்கும், அதைப் போட்டால் ஃபுளூரினுக்கு +1 வருகிறது. போரான் 6 எலக்ட்ரானோடு இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

11. பயிற்சிக்கு ஒரு வரிசை

எளிதிலிருந்து கடினத்துக்கு. விடையைச் சரிபார்க்கக் கையிருப்பும் கோடும் மட்டும் தருகிறேன்.

ஃபார்மால்டிஹைடு: 12, 4.
அசிட்டிக் அமிலம்: 24, 8.
அசிட்டேட் அயனி: 24, 7. உடனிசைவு உண்டு, கார்பன்–ஆக்சிஜன் தரம் 1.5.
கார்பைடு அயனி, அதாவது இரண்டு கார்பன், மின்சுமை −2: 10, 3. மாங்காய் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தும், சட்டம் தடைசெய்த கார்பைடு கல்லில் கால்சியத்தோடு இருப்பது இந்த அயனிதான். ஈரம் பட்டால் இரண்டு ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு அசிட்டிலீனாகிறது, நடுவில் உள்ள முப்பிணைப்பு அப்படியே இருக்கும். கார்பன் மோனாக்சைடு, சயனைடு அயனி, நைட்ரஜன் வாயு மூன்றையும் பக்கத்தில் வரைந்து பாருங்கள், எல்லாவற்றிலும் 10 எலக்ட்ரான், 3 கோடு.

கடைசியாக மெத்தில் ஐசோசயனேட், 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த வாயு. சட்டகம்: மூன்று ஹைட்ரஜனோடு ஒரு கார்பன், அடுத்து நைட்ரஜன், அடுத்து இன்னொரு கார்பன், கடைசியில் ஆக்சிஜன். கையிருப்பு 8 + 3 + 5 + 6 = 22, தேவை 38, பங்கு 16, கோடு 8. சட்டகத்துக்கு 6 போக மீதி 2. நைட்ரஜன்–கார்பனுக்கு ஒன்று, கார்பன்–ஆக்சிஜனுக்கு ஒன்று. மீதி 6 எலக்ட்ரானில் நைட்ரஜனுக்கு ஒரு இரட்டை, ஆக்சிஜனுக்கு இரண்டு. எல்லா முறைசார் மின்சுமையும் 0. நைட்ரஜனைச் சுற்றி 3 திசை, அதனால் அந்த இடத்தில் மூலக்கூறு வளைகிறது. இரண்டாவது கார்பனைச் சுற்றி 2 திசை, அங்கே ஏறக்குறைய நேர்கோடு. இப்போது அந்தக் கார்பனைப் பாருங்கள்: ஒரு பக்கம் நைட்ரஜன் இழுக்கிறது, மறு பக்கம் ஆக்சிஜன் இழுக்கிறது, இரண்டும் இரட்டைப் பிணைப்பு வழியாக. எலக்ட்ரான் வறண்டுபோன அந்தக் கார்பனைத்தான் தண்ணீரின் ஆக்சிஜனும், உடம்பில் உள்ள புரதங்களின் நைட்ரஜனும் கந்தகமும் தேடி வந்து தாக்குகின்றன.